பங்கு பிரிக்காத குழி

அத்தியாயம் 17

கலியாண வீடென்றால்கூட ஜெயரூபி இப்படி எழும்பியிருக்க மாட்டாள். ஐந்து மணிக்கே குளித்து, தேநீர் வைத்து, முற்றத்தைக் கூட்டி, கூட்டிய முற்றத்தையே இன்னொரு தடவை கூட்டி, படலையை இரண்டு பக்கமும் விரியத் திறந்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உவர்மலை இன்னும் முழுதாக விழிக்கவில்லை. துறைமுகத்துக்குள் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. முன் ஒழுங்கையில் இரண்டு மான்கள் குப்பை வாளியைக் கிளறிக்கொண்டிருந்தன.

"அம்மா, டிப்பர் எட்டு மணிக்குத்தான் வரும்," என்றாள் மகள் கஜந்தி, யன்னலால் தலையை நீட்டி.

"தெரியும்."

"இப்ப மணி ஆறு."

"தெரியும் எண்டுறன்!"

இந்த ஒரு மாதமாக அந்த வீட்டில் பேச்செல்லாம் ஒரு வாகனத்தைப் பற்றித்தான். நாற்பத்துமூன்று வயதில், மூன்றாம் தடவை சோதனைக்குப் போய், ஜெயரூபி வான் ஓட லைசன்ஸ் எடுத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். சீனன்குடாப் பக்கத்துக் கம்பனி ஒன்று, தன்னிடம் வேலை செய்யும் பெண்கள் பதினான்கு பேரை ஏற்றி இறக்கும் வேலையை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தது. வெள்ளை ஹயஸ் வான் அடுத்த மாதம் ஒன்றாந் திகதி வீட்டுக்கு வருகிறது. ஆனால் கம்பனிக்காரர் ஒரு நிபந்தனை வைத்துவிட்டார்கள். இரவில் வான் ரோட்டில் நிற்கக் கூடாது. சொந்த வளவுக்குள் ஒழுங்கான தரிப்பிடம் வேண்டும். அதே ஒன்றாந் திகதி ஆள் வந்து பார்க்கும். தரிப்பிடம் இல்லையென்றால் வேலை அடுத்த தெரு ஸாஜித்துக்குப் போய்விடும். அவனிடம் வானும் இருக்கிறது, கொட்டகையும் இருக்கிறது.

வளவில் வான் நிற்கத் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கும் இடப்பக்க மதிலுக்கும் நடுவில், ஜெயரூபியின் அப்பா தவராசா குரோட்டன் செடி வைத்திருந்த நிலம். மான் தின்னாமல் இருக்க, சீனன்குடா விமானத் தளத்தில் அந்தக் காலத்தில் கழித்துவிட்ட துளைபோட்ட இரும்புத் தகடுகளைச் சுற்றிவர நட்டு வேலி போட்டிருந்தார். பந்து எடுக்க யாராவது உள்ளே கால் வைத்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். வான் கதை எடுத்த நாளிலிருந்து அவர் சொன்னது ஒரே வசனம்.

"அந்த இடத்தில ஏலாது."

ஏன் என்று கேட்டால் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஜெயரூபி கேட்டுக் கேட்டுக் களைத்து, கடைசியில் தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டாள். மகள் வான் ஓடுவது அப்பாவுக்கு வெட்கம். சொல்ல வாய் வரவில்லை, அதுதான் குரோட்டனைச் சாட்டுகிறார். அந்த எண்ணம் மீன்முள்ளைப் போல அவள் தொண்டையில் சிக்கிக்கொண்டு ஒரு மாதமாகிறது. நேற்று அவளே மண்வெட்டி எடுத்து வேலியையும் அத்தனை செடியையும் கிளப்பினாள். தவராசா கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மதிலுக்கு அங்கால் மாமி நல்லம்மாவின் வீடு. தவராசாவின் ஒரே தங்கச்சி. அண்ணனும் தங்கச்சியும் முகம் பார்த்துக் கதைத்துப் பதினொரு வருசம். தன் மகன் வினோதனின் கலியாண அழைப்புக் காட்டை நல்லம்மா படலையால் வந்து வெற்றிலை வைத்துக் கொடுக்காமல் மதிலுக்கு மேலால் நீட்டிவிட்டாள். அவசரத்தில் செய்தாள். ஆனால் தாய்மாமனுக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. அன்றோடு எல்லாம் முடிந்தது.

எட்டு மணிக்குப் பத்து நிமிசம் இருக்கும்போதே மேசன் அப்ராஸ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கிண்ணியாக்காரன். அவன் வாப்பா முஹம்மது தம்பிதான் இந்த வீட்டைக் கட்டியவர்.

"அக்கா, இண்டைக்கி எட்டாந் தேதி," என்றான், தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு. "கொங்கிரீட் போட்டா இருபத்தொரு நாள் தண்ணி விட்டு வெச்சிரிக்கணும். இந்த மாசம் முப்பத்தொண்டு. பிந்தினா ஆகக்கூடினது பத்தாந் தேதி. அதுக்குப் பொறகு நான் சம்பூருக்கு வேலைக்குப் போறன், ஒரு மாசத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டன்."

"பத்தாந் திகதி ஏன் அப்ராஸ்? இண்டைக்கே முடிப்பம்!"

அவள் குரலில் இருந்த துள்ளலைக் கேட்டு அப்ராஸுக்கே சிரிப்பு வந்தது.

அப்போது வந்தது டிப்பர். ஒழுங்கையே அதிர்ந்தது. மான் இரண்டும் பாய்ந்து ஓடின. கஜந்தி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க ஓடிவந்தாள். சாரதி தலையை வெளியே போட்டு, பின்பக்கத்தைப் படலைக்கு நேரே கொண்டுவந்தான்.

"வரட்டும், வரட்டும்... இன்னும் வரட்டும்..." ஜெயரூபி இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். தன் சொந்த வானைக் கூப்பிடுவது போலத்தான் இருந்தது அவளுக்கு. கல் நிறைந்த டிப்பர் முக்கி முனகி முற்றத்துக்குள் ஏறியது. குரோட்டன் நின்ற நிலத்துக்கு இன்னும் ஆறடி. நாலடி.

"நிப்பாட்டு!"

எழுபத்திரண்டு வயது மனிதர் அவ்வளவு வேகமாக ஓடுவாரென்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். தவராசா டிப்பரின் பின் சில்லுக்கும் அந்த நிலத்துக்கும் நடுவில் போய் நின்றார், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. சாரதி பிறேக்கை அமத்தியதில் பாதி முற்றத்துக்குக் கல் சிந்தியது.

ஜெயரூபிக்குக் கண்மண் தெரியவில்லை.

"என்னப்பா இது? ஊர் பாக்க இப்படியே செய்யிறது? நான் வான் ஓடுறது உங்களுக்கு வெக்கமெண்டால் வாய் திறந்து சொல்லுங்கோவன்! ஒரு மாசமா என்னைச் சாகடிக்கிறியள்!"

தவராசா திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

"வெக்கமோ? ஆர் சொன்னது?"

"பின்ன ஏன் மறிக்கிறியள்?"

"கீழ குழி கிடக்கு, பிள்ளை."

"எந்தக் குழி?"

"பழைய கக்கூசுக் குழி."

"அதைத்தான் வீட்டுக்குள்ள பாத்றூம் கட்டின வருசமே மண் போட்டு மூடியாச்செண்டு சொன்னியளே!"

தவராசா குனிந்து நிலத்தைப் பார்த்தார். களவு பிடிபட்ட பிள்ளையின் முகம் அது. "சொன்னனான்தான்," என்றார்.

அப்ராஸ் இரும்பு அலவாங்கை எடுத்து வந்து ஓங்கிக் குத்தினான். ஒரு முழம் இறங்கியதும் 'டங்' என்று இரும்புச் சத்தம். சாரதி யாரையும் கேட்காமலே டிப்பரை ரோட்டுக்கு எடுத்துவிட்டான். அரை மணித்தியாலத்தில் மண்ணை வழித்துப் பார்த்தால், வேலிக்குப் போட்ட அதே துளைத் தகடுகள் ஆறு, வரிசையாகப் படுத்துக் கிடந்தன. நடுத் தகட்டை நெம்பித் தூக்கிய அப்ராஸ் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் பாய்ந்தான்.

"அக்கா, இது பழசில்ல. இது இப்ப பாவிக்கிற குழி!"

"எங்கட பாத்றூம் பின்வளவுக் குழிக்கெல்லோ போகுது?"

"ஒங்கட இல்ல."

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அங்கால் யாரோ வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். மதிலின் அடியிலிருந்து குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்த குழாய் களகளவென்று இருமியது. பிறகு, அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்கவே, வரவேண்டியது வந்து விழுந்தது.

கஜந்தி படம் எடுப்பதை நிறுத்தினாள்.

"நல்லம்மா மாமியோ?" என்றாள் ஜெயரூபி மெதுவாக.

தவராசா கதிரையில் போய் இருந்தார். இனி மறைத்துப் பயனில்லை. தாய் தகப்பன் காலத்தில் இரண்டு வளவும் ஒரே வளவு. நல்லம்மாவுக்குப் பழைய வீடு சீதனமாகப் போனபோது காணியை அளந்து இரண்டாக்கினார்கள். கிணற்றில் ஆளுக்குப் பாதிப் பங்கு என்று காணி உறுதிப் பத்திரத்தில் எழுதினார்கள். தென்னையில் ஆளுக்கு ஐந்து. போகவர வழிவாய்க்கால் உரிமைகூட எழுதினார்கள். கக்கூஸ் அவள் பக்கம் வந்தது, அதன் குழி இவர் பக்கம் வந்தது. அதை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு முன்னால் அதை வாய்விட்டுச் சொல்ல ஆருக்கு மனம் வரும்?

"நாங்கள் வீட்டுக்குள்ள கட்டிக்கொண்டு பின்வளவுக் குழிக்கு மாறிப்போட்டம். அவள் அதிலயே விட்டாள். மூடுவம் மூடுவம் எண்டு இருந்தனான். பிறகு அந்தக் கலியாணக் காட்டுப் பிரச்சினை வந்துது."

"பதினொரு வருசமப்பா! குழி நிரம்பியிருக்குமே?"

"நிரம்ப விட்டால்தானே."

ஜெயரூபிக்குப் பொறி தட்டியது. இரண்டு வருசத்துக்கு ஒருக்கால், பொங்கல் முடிந்த கிழமை, அப்பாவுக்குத் திடீரென்று பக்தி வந்துவிடும். 'எல்லாருமாக் கோணேசர் கோயிலுக்குப் போட்டு ஆறுதலா வாங்கோ, வீட்டை நான் பாக்கிறன்' என்பார். திரும்பி வந்தால் வாசல் நனைந்திருக்கும். கழிவு இறைக்கிற பவுசர் வந்து எங்கள் குழியை இறைத்துவிட்டுப் போனது என்பார். எங்கள் குழியை!

"மாமியின்ர குழியை இறைக்கத்தான் எங்களைக் கோயிலுக்கு அனுப்பினியளோ?"

"கோயிலுக்குப் போறது நல்லதுதானே."

கஜந்தி சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினாள். ஜெயரூபிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"ஏனப்பா ஒரு சொல் சொல்லேல்லை?"

"எப்படிச் சொல்லுறது? அவளுக்கும் எனக்கும் இனி ஒரு ஒட்டும் இல்லை எண்டு கோயில் வீதியில நிண்டு ஊருக்கு முன்னால சொன்ன ஆள் நான். அவளின்ர கக்கூசுக் குழியைப் பாக்கிறதும் நான்தான் எண்டு அதே வாயால சொல்ல ஏலுமே?" அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்ர வானில எனக்கு ஒரு வெக்கமும் இல்லை, பிள்ளை. நீ லைசன்ஸ் எடுத்த அண்டைக்கு நான் ரெண்டு கடையில சொல்லிப்போட்டுத்தான் வீட்டை வந்தனான்."

ஒரு மாதமாகச் சிக்கியிருந்த முள் அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது. ஜெயரூபி அப்பாவின் கதிரைக் காலடியில் தொப்பென்று இருந்துவிட்டாள். இவ்வளவு சந்தோசம் கக்கூசுக் குழியோரத்தில் கிடைக்குமென்று யார் கண்டார்கள்?

அப்ராஸ்தான் நடப்புக்குக் கொண்டுவந்தான்.

"ஐயா, அக்கா, கேளுங்க. இதுக்கு மேல கொங்கிரீட்டப் போட்டு வானை ஏத்தினா, ஒரு நாளைக்கு வானோட சேர்ந்து பதினாலு பேரும் கீழதான். குழியை இறைச்சி, சுவரை உடைச்சி, கல்லும் மணலும் போட்டு இடிச்சி இறுக்கணும். இண்டைக்கிப் பவுசர், நாளைக்கி நிரப்புற வேலை, நாளண்டைக்கிக் கொங்கிரீட். சரியாப் பத்தாந் தேதி. அவங்கட வளவில நாலு கொங்கிரீட் வளையம் இறக்கிப் புதுக்குழி நான் வெட்டித் தாறன், அதுக்கு நாலஞ்சி நாள் போகும். ஆனா குழாயை இண்டைக்கே அடைக்கணும். அவங்க ஓமெண்டு சொல்லணும்."

எல்லாரும் மதிலைப் பார்த்தார்கள்.

ஜெயரூபி எழும்பினாள். தலையை ஒதுக்கிக்கொண்டு ஒழுங்கையைச் சுற்றி மாமியின் படலைக்குப் போனாள். லைசன்ஸ் சோதனைக்கு மூன்று தடவை போனபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை.

நல்லம்மா படலைக்குப் பின்னால் ஏற்கனவே நின்றாள். அத்தனையையும் மதிலோரம் நின்று கேட்டிருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"மாமி..."

"கொப்பர் எங்க?"

"அவர் அங்க... மாமி, ஒரு உதவி கேட்டு—"

"ஆள் விட்டுக் கேக்கிறதும் மதிலுக்கு மேலால கேக்கிறதும் ஒண்டுதான், பிள்ளை. காட்டை மதிலுக்கு மேலால தந்தது பிழையெண்டு பதினொரு வருசம் கோவம் கொண்டாடினவர். குழியை மட்டும் தூது விட்டுக் கேக்கலாமோ? வரச் சொல்லு. படலையால வரட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு மட்டும் திறந்தபடியே கிடந்தது.

ஜெயரூபி திரும்பி வந்து, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னாள். அப்ராஸ் கைப்பேசியில் மணி பார்த்தான். ரோட்டில் டிப்பர் சாரதி ஹோர்ன் அடித்தான். இன்னும் ஒரு முறை அடித்தான்.

"பிள்ளை," என்றார் தவராசா. "கொம்மாவின்ர வெத்திலைத் தட்டம் எங்க கிடக்கு?"

அம்மா போய் ஆறு வருசம். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தப் பித்தளைத் தட்டத்தை எடுத்து, புளி போட்டு மினுக்கி, கஜந்தியைக் கடைக்கு விரட்டி வெற்றிலை பாக்கு வாங்கி வைப்பதற்குள் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. தவராசா வெள்ளை வேட்டி கட்டி, இஸ்திரி போட்ட சேட் போட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்தார். கக்கூசுக் குழியை மூட அனுமதி கேட்கப் போகிற மனிதரைப் பார்த்தால், பெண் கேட்கப் போகிறவர் போல இருந்தது. டிப்பர் சாரதி, அப்ராஸ், கஜந்தி எல்லாரும் ஒழுங்கைவரை பின்னால் போனார்கள்.

மாமியின் படலையில் நின்று தவராசா தொண்டையைச் செருமினார்.

"ஆர்?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். யன்னல் சீலைக்குப் பின்னால் ஆள் நிற்பது ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்தது.

"தவராசா."

"எந்தத் தவராசா?"

அவர் கொஞ்சம் விழுங்கினார். "உன்ர அண்ணன், நல்லம்."

நல்லம்மா வாசலுக்கு வந்தாள். சீலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் படி ஏறி, இரண்டு கையாலும் தட்டத்தை நீட்டினார்.

"வாற ஒண்டாந் திகதி என்ர மகளின்ர வான் வீட்டுக்கு வருது. தேங்காய் உடைக்கிறம். நீ முன்னுக்கு நிக்கவேணும். அதை முறையாச் சொல்லத்தான் வந்தனான்."

என்ர மகளின்ர வான்! படலைக்கு வெளியே நின்ற ஜெயரூபி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நல்லம்மா தட்டத்தை வாங்கவில்லை. "அவ்வளவும்தானோ?"

"இன்னொண்டும் இருக்கு."

"சொல்லுங்கோ."

"உன்ர... அந்த... குழியை மூடவேணும்."

"மூடினால் நாலஞ்சு நாளைக்கு நான் எங்க போறது?"

இதைத் தவராசா யோசித்து வரவில்லை. வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். பின்னால் திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எங்கட வீட்டில ரெண்டு இருக்கு. ஒண்டு உனக்கு."

நல்லம்மாவின் முகம் ஒரு கணம் கோணியது. அழப்போகிறாள் என்று ஜெயரூபி நினைத்தாள். ஆனால் அவள் சிரித்தாள். பதினொரு வருசத்துச் சிரிப்பையும் சேர்த்து வைத்திருந்தவள் போல, சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"பொங்கல் கழிஞ்ச கிழமையில பவுசர் சத்தம் கேட்டால் நான் மதிலோரம் வந்து எட்டிப் பாக்கிறனான், அண்ணை. நீங்கள் பைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது தகட்டு வேலித் துளையால தெரியும். இவ்வளவு பாக்கிற மனிசன் ஒருக்கால் திரும்பி என்னைப் பாக்க மாட்டாரோ எண்டு நினைப்பன்." அவள் தட்டத்தை வாங்கிக்கொண்டாள். "மூடுங்கோ."

அப்ராஸ் ஒழுங்கையிலேயே நின்று பவுசருக்குப் போன் எடுத்தான். ஒரு மணிக்குப் பவுசர் வந்தது, மூன்று மணிக்குக் குழி வெறுமையானது, நாலு மணிக்கு மதிலடிக் குழாயின் வாயைச் சீமெந்து வைத்து அடைத்தாயிற்று. டிப்பர் பறித்துவிட்டுப் போன கல் முழுவதும் குழியோரம் குவிந்து கிடந்தது. ஜெயரூபி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இந்தப் பக்கம் முன் சில்லு, அந்தப் பக்கம் பின் சில்லு என்று நடந்து நடந்து அளந்தாள். சீனன்குடாவில் வேலையில் நிற்கும் கணவன் சுகிர்தனுக்குப் போன் எடுத்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அவனுக்குப் பாதிதான் விளங்கியது. "குழிக்கு ஏன் வெத்திலை வைச்சவர்?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டான்.

ஆறு மணிக்குப் படலை கிறீச்சிட்டது.

நல்லம்மா வந்தாள். தோளில் துவாய், ஒரு கையில் சவர்க்காரப் பெட்டி, மறு கையில் மாற்றுச் சீலை. முன்படலையால், முற்றத்தின் நடுவால், குழியைச் சுற்றிக்கொண்டு நேரே வந்தாள். தவராசா கதிரையை விட்டு எழும்பி நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், "தண்ணி நல்லா வருது," என்றார்.

நல்லம்மா உடனே உள்ளே போகவில்லை. மாற்றுச் சீலையின் மடிப்பைப் பிரித்து, பழுப்பேறிய ஒரு கடித உறையை எடுத்தாள்.

"வினோதனுக்குப் போனில சொன்னனான். கோவத்தில துள்ளிப்போட்டான். இண்டைக்கே பஸ் ஏறுறானாம், விடிய இங்க நிப்பானாம். தான் வரும்வரைக்கும் குழியில ஒரு கல்லும் போடக்கூடாதாம்."

"ஏன் மாமி? அவருக்கு என்ன?" என்றாள் ஜெயரூபி. விடிந்தால் ஒன்பது. மறுநாள் பத்து.

"மதிலை அந்த நேரம் பிழையா வளைச்சுக் கட்டிப்போட்டினமாம். குழி கிடக்கிற மூண்டடி நிலமும் என்ர பங்குதானாம். உறுதியில வடிவா எழுதிக் கிடக்காம். உறுதியை எடுத்து வையுங்கோ, நான் வந்து காட்டுறன் எண்டான். தேடிப் பாத்தன், காணேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அவள் உறுதி கிடந்த அந்த உறையைத் தவராசாவின் கையில் வைத்து, விரல்களைத் தானே மடக்கி மூடினாள்.

"இது உங்களிட்ட இருக்கட்டும், அண்ணை. அவனுக்கு வேணுமெண்டால் விடிய இங்க வந்து கேக்கட்டும். படலையால வந்து."

நல்லம்மா துவாயைச் சரிசெய்துகொண்டு வாசற்படி ஏறினாள்.

"பிள்ளை, ரூபி," என்றது உள்ளேயிருந்து குரல். "இந்தப் பாத்றூம் லைற் சுவிச்சு எந்தப் பக்கம்?"

ஜெயரூபி ஓடினாள்.